அப்டேட் நகரவே மாட்டேன் என்கிறதா? இணையப் பிளானை மாற்றும் முன் வீட்டைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தச் சமயத்தில் விண்டோஸ் 11-க்கு மாறத் தொடங்கியவர்களிடமிருந்து வர ஆரம்பித்த ஒரு புகார் இன்னும் ஓயவில்லை. “ஒரு ஜிபிபிஎஸ் பிளான் எடுத்திருக்கோம் அண்ணே, அப்டேட் மட்டும் ராத்திரி பூரா ஓடுது, ஏன்?” வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் கணினி, நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பார்கள். 10 ஜிபிபிஎஸ் பிளானுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால், அப்டேட்டை ‘பிறகு பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார்கள். முதலாவதில் பணம்தான் போகும். இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருவது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிளானில் சொல்லும் வேகம் பிட் கணக்கில் வரும், கோப்பின் அளவு பைட் கணக்கில் வரும். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு அதிகபட்சம் 125 எம்பிதான் இறங்கும், நடைமுறையில் 110 சொச்சம். விண்டோஸ் 11-இன் முழு நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல். மேக்கின் முழுக் கோப்பு 12 ஜிபியையும் தாண்டும். பேச்சுக்கு 6 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். 1 ஜிபிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் அது 48 வினாடியில் இறங்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் 8 நிமிடம், 20 என்றால் 40 நிமிடம், 5 என்றால் 2 மணி 40 நிமிடம். இந்த எண்களை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் ஆகும் நேரத்தைப் பார்த்தாலே, கணினிக்கு உண்மையில் எவ்வளவு வேகம் வந்து சேர்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். சிங்கப்பூரில் வாசல்வரை வரும் ஃபைபர் இணைப்பு 5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்குவது அபூர்வம். அப்படியானால் வாசலுக்கும் கணினிக்கும் நடுவில்தான் எங்கேயோ வேகம் காணாமல் போகிறது.

எங்கே என்றால், பெரும்பாலும் ரவுட்டர் இருக்கும் இடத்தில்.

பொங்கோலில் ஒரு நான்கறை வீடு. ரவுட்டர் எங்கே என்று கேட்டதும் அந்த வீட்டு அம்மா என்னை பாம் ஷெல்டருக்கு அழைத்துப் போனார். “வயரெல்லாம் வெளிய தெரிஞ்சா நல்லா இல்லைன்னு மருமக உள்ள வெச்சுட்டா தம்பி” என்றார். உள்ளே அரிசி மூட்டை, பெட்டிகள், தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் டின்கள். அதற்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி, அதன் தலையில் ரவுட்டர். எஃகுக் கதவைச் சாத்தினால் படுக்கையறை மடிக்கணினிக்கு 9 எம்பிபிஎஸ் வந்தது. கதவைத் திறந்து வாசலிலேயே நின்று பார்த்தால் 300-ஐத் தாண்டியது. 1990களின் கடைசியிலிருந்து கட்டப்படும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் கட்டாயம். குண்டுவெடிப்பைத் தாங்கக் கட்டிய கம்பி கான்கிரீட் சுவர் அது. வைஃபை அலையை அது எப்படி வெளியே விடும்? அந்தச் சுவரை உடைத்துத் துளை போடவும் விதிகள் இடம் கொடுப்பதில்லை. நீளமான கேபிள் ஒன்றை வாங்கி, ரவுட்டரை டிவி மேசைக்கு மேலே கொண்டுவந்து வைத்தோம். பிளானில் ஒரு வெள்ளிகூடக் கூட்டவில்லை. முதல்நாள் இரவு முழுக்க ஓடியும் முடியாத டவுன்லோட், நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

பாம் ஷெல்டர் இல்லாத வீடுகளில் மீன்தொட்டிக்குப் பின்னால், ஷூ அலமாரிக்குள், சாமி மாடத்துக்குக் கீழே என்று ரவுட்டரைப் பார்த்திருக்கிறேன். அதைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்து, எந்த அலைவரிசையில் இணைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம்; 5 கிகாஹெர்ட்ஸ் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு வீவக புளோக்கில் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாரும் அந்த மூன்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இரைச்சல் போடும். பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் 2.4 மட்டும்தான் இருக்கும். அதிலும் ஒற்றை ஆன்டெனா என்றால் வழக்கமான அமைப்பில் இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான், கையில் கிடைப்பது அதில் ஏறத்தாழ பாதி. அந்தக் கணினிக்காக 10 ஜிபிபிஎஸ் பிளான் போடுவதில் எந்தப் பயனும் இல்லை. நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப் போவதாக 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. எதிர்காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் இன்று வீடுகளில் இருக்கும் மடிக்கணினிகளில் கேபிள் செருகும் துளை இருந்தாலும் அது பெரும்பாலும் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

“நான் வைஃபை இல்லை, கேபிள்தான்” என்பவர்களுக்கு ஒன்று. 1 ஜிபிபிஎஸ் ஓட கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும். நாற்காலிச் சக்கரம் ஏறியோ கதவில் நசுங்கியோ ஒரு கம்பி அறுந்தால், பல நேரங்களில் இணைப்பு துண்டிக்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். யூடியூப் ஓடும், வீடியோ கால் பேசும், ஒன்றும் தெரியாது. பெரிய கோப்பு இறக்கும்போதுதான் தெரியும். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 100/100 என்று இருந்தால் கேபிளையோ, மடிக்கணினியில் செருகும் யூஎஸ்பி அடாப்டரையோ மாற்றுங்கள். விலை மலிவான அடாப்டர்கள் சில 100-க்கு மேல் போகவே போகாது, பெட்டியில் ‘கிகாபிட்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். புதிய வீவக வீடுகளில் அறைச் சுவரிலேயே கேபிள் செருகும் டேட்டா பாயிண்ட் இருக்கும். பலர் அதற்கு முன்னால் அலமாரியைப் போட்டு மறைத்துவிடுகிறார்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்தால் வைஃபை தலைவலியே வேண்டாம்.

இணைப்பு எல்லாம் சரியாக இருந்தும் அப்டேட் மட்டும் ஊர்ந்தால், கணினிக்குள் பாருங்கள். அலுவலக மடிக்கணினியில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான தனிவழி) ஓடிக்கொண்டிருந்தால், நிறுவனம் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்து, உங்கள் டவுன்லோட் முழுக்க அலுவலக சர்வரைச் சுற்றிக்கொண்டு வரலாம். அலுவலகம் அனுமதித்தால் விபிஎன்னை நிறுத்திவிட்டு இறக்குங்கள். விண்டோஸ் அப்டேட்டின் மேம்பட்ட அமைப்புகளில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்று ஒன்று இருக்கிறது. யாராவது எப்போதோ அங்கே வேக வரம்பு போட்டு மறந்திருப்பார்கள். அதே இடத்தில், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் இறக்கியதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் வழி இருக்கிறது. டியூஷன் நிலையம், சின்ன அலுவலகம் நடத்துபவர்களுக்கு இது பெரிய உதவி. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும் அப்டேட் நமக்கு புதன் அதிகாலை ஒன்று, இரண்டு மணிக்கு வந்து நிற்கும். அன்று காலை அலுவலகம் திறந்ததும் பத்துப் பதினைந்து கணினிகள் ஒரே கோப்பைத் தனித்தனியாக இழுத்தால் அந்த இடமே மந்தமாகிவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘கன்டென்ட் கேஷிங்’ என்று இதே வேலையைச் செய்யும் வசதி 2017 முதல் சாதாரண மேக்கிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திரையில் தெரியும் நேரம் முழுவதும் டவுன்லோட் நேரம் அல்ல. இறங்கியதைப் பிரித்து, சரிபார்த்து, பழையதை ஒதுக்கி, புதியதை அமர்த்துவது கணினியின் ப்ராசசரும் டிஸ்கும் பார்க்கும் வேலை. அங்கே இணைய வேகத்துக்கு வேலையே இல்லை. எஸ்எஸ்டி என்னும் வேகமான டிஸ்க் இல்லாத பழைய ஹார்ட் டிஸ்க் கணினியில் அது மணிக்கணக்கில் போகும். மேக்கில் ‘தயாராகிறது’ என்ற நிலையில் 30 நிமிடம் என்று காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பதும் இதனால்தான். இறங்கிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினியை மூடினாலும் பரவாயில்லை, பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மறுதொடக்கம் ஆகி, ‘அணைக்காதீர்கள்’ என்று திரையில் வந்த பிறகு தயவுசெய்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். பொறுமை இழந்து அணைத்ததால் இயங்காமல் போன கணினிகள் என்னிடம் வரும்போது, அதில் பிள்ளையின் பள்ளிப் படைப்பும் குடும்பப் படங்களும் மாட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. சார்ஜரைச் செருகி, தூங்கப் போகும் முன் தொடங்கிவிடுங்கள்.

வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் தம்பிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சில விஷயம். இரவு 9 மணிக்கு இங்கே எல்லாரும் வீட்டுக்கு வீடியோ கால் போடும் நேரம், இந்தியாவில் அப்போது மாலை ஆறரை. அந்த நேரத்தில் விடுதி வைஃபையில் 6 ஜிபி இறக்க முயன்றால் உங்களுக்கும் நகராது, பக்கத்தில் குழந்தை முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் படம் உறைந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு விடுங்கள். நண்பரின் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது கவனம் தேவை. உங்கள் போன் அதைச் சாதாரண வைஃபை என்று நினைத்து அப்டேட்டை இறக்கத் தொடங்கலாம், நண்பருடைய மாதம் முழுவதற்குமான டேட்டா ஒரே இரவில் போய்விடும். அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (அளவோடு செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறித்து வையுங்கள். இறங்கி முடிந்தும் நிறுவ மறுத்தால் போனில் இடம் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் வாட்ஸ்அப் வீடியோக்கள்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

சரி, தள்ளிப்போட்டால் என்னதான் ஆகும்? 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் அதே ஓட்டை வழியாகப் புகுந்து உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இங்கே சிங்கப்பூரில் கடைத்தொகுதி மின்திரைகள் சிலவும் மாட்டின. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தும் போடாமல் விட்டதால் வந்த வினை. அதனால்தான் டவுன்லோட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. மெதுவாக இருக்கும் அப்டேட்டை மக்கள் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் ரவுட்டரோடு ஒரு நல்ல கேபிளால் கணினியை நேராக இணைத்து, மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு, வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. “வைஃபை ஸ்லோவா இருக்கு” என்றால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். “கேபிளில் அளந்தேன், 1 ஜிபிபிஎஸ் பிளானில் இரண்டு வேளையும் 90-தான் வருகிறது, கேபிள் மாற்றியும் பார்த்தேன்” என்றால் ஆள் அனுப்புவார்கள்.

ஆனால் நீங்கள் கூப்பிடாமல் அவர்களே கூப்பிட்டால் உஷாராக இருங்கள். தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் வைஃபையில் கோளாறு, யாரோ புகுந்துவிட்டார்கள், சரிசெய்ய ஒரு செயலியைப் போடுங்கள் என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் செயலி உங்கள் திரையை அவர்கள் கையில் கொடுத்துவிடும், அப்புறம் வங்கிக் கணக்கு வரை போகும். காவல்துறை இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. இணையம் உண்மையிலேயே மெதுவாக இருக்கும் வீட்டில் இந்த அழைப்பு வந்தால் நம்புவது சுலபம், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இன்னும் சுலபம். போனை வைத்துவிட்டு, பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, எந்த நேரமும் எடுப்பார்கள். செயலியைப் போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் ரவுட்டரை அணையுங்கள், போனில் மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு.