வீட்டுப் பழமரங்களுக்கு பேட்டரி தெளிப்பான்: மானியம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை

கையில் பிடித்து அடிக்கும் 2 லிட்டர் பேட்டரி தெளிப்பானுக்கு அரசு மானியம் கிடையாது. மானியம் தருவது 2014-15-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமான வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம். அதன் பட்டியலில் விசைத்தெளிப்பான் (பேட்டரியிலோ இன்ஜினிலோ ஓடுவது) 8 லிட்டர் கொள்ளளவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதாவது, முதுகில் மாட்டுவது மட்டும்.

அதுவும் விவசாயிக்குத்தான். சிறு, குறு விவசாயி, பெண் விவசாயி, ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. ஒவ்வொரு கொள்ளளவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சதவீதக் கணக்கு, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். ஆகவே விலை உயர்ந்த மாடலை எடுத்துவிட்டுப் பாதிப் பணம் திரும்பும் என்று எண்ண வேண்டாம். 1 ஹெக்டேர் வரை நிலம் இருந்தால் குறு விவசாயி, 2 ஹெக்டேர் வரை சிறு விவசாயி. வீட்டு மனையில் நாலு மரம் நிற்பது இந்தக் கணக்கில் சேராது. ஊரில் தன் பெயரில் சிட்டா இருப்பவர் ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், புகைப்படம், சிறு குறு விவசாயிச் சான்று, தேவைப்பட்டால் சாதிச் சான்று ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். உழவன் செயலியிலும் பதியலாம். முதலில் ஒப்புதல், பிறகு கொள்முதல். கடையில் வாங்கி வந்து பில்லை நீட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

மானியம் இல்லாதவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. இயந்திரத் தெளிப்பான்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் அந்த வரியைப் பாருங்கள். மாற்று பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம்.

இனி எதை வாங்குவது? மரத்தின் உயரம்தான் முடிவு செய்யும். தலைக்கு மேல் ஓரிரு அடி வளர்ந்த எலுமிச்சை, மாதுளை, தொட்டியில் வைத்த கொய்யா என்றால் 2 லிட்டர் கைத்தெளிப்பான் தாராளம். வளர்ந்த மா ஒன்றுக்கே சுமார் 10 லிட்டர் கரைசல் வேண்டும். அதற்குக் கைத்தெளிப்பானை வாங்கினால் ஐந்து முறை நிரப்பியும் உச்சிக் கிளைக்கு எட்டாது. 12 வோல்ட் பம்பும் நீட்டிக்கும் குழலும் உள்ள 16 லிட்டர் தெளிப்பான்தான் அதற்குச் சரி. ஆனால் நிரப்பினால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். வயதானவர்கள் பாதியளவு நிரப்பி அடிப்பது நல்லது.

பூச்சி, பூஞ்சண மருந்துக்கு வெற்றுக் கூம்பு நாசில் (மருந்தை நடுவில் வெற்றிடமுள்ள கூம்பாக, நுண்துளிகளாகச் சிதறும் முனை) கேளுங்கள். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் அங்கேதான் இருக்கும். களைக்கொல்லிக்கு இந்தத் தெளிப்பானைத் தொடவே தொடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் ரப்பர் குழாயில் தங்கும் மிச்சம் அடுத்த முறை கொழுந்தைச் சுருட்டிவிடும்.

கோளாறுகளில் பாதி அடைப்பு. வேப்பெண்ணெய் 3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி. காதி சோப்புக் கரைசலில் முதலில் கலக்கி, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். நேரடியாக ஊற்றினால் எண்ணெய் மிதந்து, கடைசியில் வரும் திரவம் இலையைக் கருக்கும். வேப்பங்கொட்டைச் சாறும் போர்டோ கலவையும் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சண மருந்து) துணியில் வடிகட்டாமல் போகக் கூடாது. அடித்து முடித்ததும் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் பம்பை ஓட்டுங்கள். தொட்டி காலியான பிறகும் ஓடவிட்டால் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு போய்விடும். விசையை விட்ட பிறகும் பம்ப் விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிவு. பெரும்பாலும் கைப்பிடி வாஷர்தான்.

ஈய அமில பேட்டரியைச் சீசன் முடிந்து மூலையில் போட்டால் அடுத்த சீசனில் சார்ஜ் ஏறாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முழுதாக ஏற்ற வேண்டும். லித்தியத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல். வாரண்டி அட்டையில் பம்புக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, முத்திரையிட்டு வாங்குங்கள். வாரண்டி காலத்தில் கடைக்காரர் தட்டிக் கழித்தால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

செத்த பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி அதைத் தனியே பிரித்துச் சேகரிப்பு மையத்திடம் ஒப்படைப்பது பயன்படுத்துகிறவர் கடமை. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. புதிய பேட்டரி வாங்கும்போதே பழையதைக் கொடுத்து விலையில் தள்ளுபடி கேளுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு.