கண்காணிப்பா, வேவா?

சர்வெய்லன்ஸ் என்ற சொல் வந்தாலே ‘கண்காணிப்பு’ என்று எழுதிவிடுகிறோம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்து எஸ்டேட் குடும்பங்களுக்கு இந்தச் சொல்லின் பழைய முகம் தெரியும். கண்காணிதான் பேச்சில் கங்காணி ஆனார். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து மலையேற்றியவர். காலையில் பெயர் கூப்பிட்டது, கொழுந்து எடுப்பவர்கள் பின்னால் நின்று விரட்டியது எல்லாம் அவர்தான். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கு எவ்வளவு கடன், யார் ஊருக்குக் கிளம்பப் பார்க்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

பிரெஞ்சு வழி வந்த சர்வெய்லன்ஸுக்கும் மேலிருந்து விழித்துப் பார்ப்பது என்றுதான் வேர்ப்பொருள். பொருத்தம் சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கவனிப்பதும் கண்காணிப்பு, அணை நீர்மட்டத்தைக் கவனிப்பதும் கண்காணிப்பு. அரசு நம் போனை ஒட்டுக்கேட்பதையும் அதே சொல்லால் சொன்னால், யாரோ நம்மைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது போல ஆகிவிடுகிறது.

2020-இல் கேரளத்தில் இதை நேரிலேயே பார்த்தோம். வெளியிலிருந்து வந்து வீட்டில் தனித்திருந்தவரை மலையாளத்தில் ‘நிரீக்ஷணத்தில்’ என்றார்கள், தமிழில் ‘கண்காணிப்பில்’ என்றோம். நோய்க்காக, தேவைதான். அந்த ஏப்ரலிலேயே, கோவிட் தரவுகளைக் கேரள அரசு ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் கொடுத்தது வழக்கானது. ஆளை அடையாளம் காட்டாதபடி மாற்றிய பிறகே தரவைக் கொடுக்க வேண்டும், இனி மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

நமக்குத் தெரியாமல் நடப்பதற்குத் தமிழில் வேவு, உளவு, ஒற்று என்று நல்ல சொற்கள் உண்டு. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்றே ஓர் அதிகாரம். ஒற்றன் ஆராய வேண்டியவர்கள் என்று அது சொல்வது வினைசெய்வார் (அரசனின் பணியாளர்கள்), தம் சுற்றம் (அவன் உறவினர்), வேண்டாதார் (பகைவர்). சும்மா இருக்கும் குடிமக்கள் அந்த வரிசையில் இல்லை.

எனவே போர்டு வைத்து மாட்டிய கேமராவைக் கண்காணிப்பு என்போம். ஒட்டுக்கேட்பு வேவுதான். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகும் வேவு பற்றிய கவலை தீரவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க ஒன்றிய அரசுக்கு இடம் தருகிறது. அப்படி விலக்குப் பெற்ற அமைப்பு நம்மிடம் சொல்லாமல் நம் தரவைத் திரட்டினால், அந்தச் செய்திக்கு ‘வேவு’ என்றே தலைப்பு வைக்கலாம்.