தண்ணீர் குடிக்கும் கப்பலுக்கு வயது எத்தனை?

2020 ஜூன் மாதம், கொரோனா நேரத்தில் கொழும்பில் மாட்டிக்கொண்ட கிட்டத்தட்ட 700 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு போர்க்கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. அதன் பெயர் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா. அப்போது அதற்கு 49 வயது. 1971-இல் யு.எஸ்.எஸ். டிரெண்டன் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, 2007-இல் இந்தியாவுக்குக் கைமாறிய கப்பல். ஜலாஷ்வா என்றால் வடமொழியில் நீர்யானை. பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்தவர்தான்.

இந்த வகைக் கப்பலின் பின்பகுதியில் ஒரு பெரிய கூடம் உண்டு. டாங்கிகளையும் வீரர்களையும் கரையில் இறக்கும் படகுகள் அதற்குள் நிற்கும். வேலை வந்ததும் கப்பல் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்கும். கப்பலின் எடையைக் கூட்டிக் குறைக்கும் பேலஸ்ட் தொட்டிகளில் கடல்நீர் நிரம்ப, பின்பக்கம் அமிழும். கதவைத் திறந்தால் கடலே கூடத்துக்குள் வந்துவிடும். படகுகள் மிதந்து வெளியேறும். அப்புறம் தொட்டி நீரை வெளியே தள்ளினால் கப்பல் பழையபடி எழும்பும்.

ஆயுளைத் தின்பதும் இந்த வித்தைதான். கடலில் நட்ட இரும்புத் தூணைப் பாருங்கள்: ஆழத்தில் இருக்கும் பகுதியைவிட, அலை அடித்து அடித்துக் காயும் பகுதிதான் அதிகமாக அரித்திருக்கும். துருவுக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். நிரப்பிக் காலிசெய்யும் தொட்டியில் இரண்டும் தாராளம்.

துருவைத் தடுக்கத் தொட்டிக்குள் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். கட்டிக்கும் இரும்புக்கும் இடையே சிறு மின்னோட்டம் பாய்வதால், இரும்புக்குப் பதிலாக அவை கரையும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மின்னோட்டம் பாய நடுவில் கடல்நீர் வேண்டுமே! தொட்டி காலியானால் கட்டி சும்மா தொங்கும். ஈரம் காயாத சுவருக்கு அப்போது பெயிண்ட் மட்டும்தான் காவல். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், உள்ளிருந்தே பெயிண்டை நெம்பிக் கிளப்பிவிடும்.

அதனால் பழுதுபார்க்க, தண்ணீர் வடித்த உலர்துறையில் கப்பலை ஏற்றும்போது, உள்ளே நச்சு வாயு இல்லை என்று சோதித்த பிறகு, டார்ச்சோடு ஆள் தவழ்ந்து இறங்குவார். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும், உளுத்தது சொத்தென்னும். சந்தேகப்பட்ட இடத்தில் மீயொலிக் கருவியை வைத்துத் தடிமன் பார்ப்பார்கள். வரம்புக்கு மேல் மெலிந்திருந்தால் அந்தத் தகட்டை வெட்டியெடுத்துப் புதிது பற்றவைப்பார்கள். தகடு மாற்ற மாற்ற வயதும் தள்ளிப்போகும்.

தகட்டை மாற்றலாம், சரி. இன்ஜினை? ஜலாஷ்வா ஓடுவது நீராவியில்: இரண்டு கொதிகலன், இரண்டு டர்பைன். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் குழாய்கள் விரிந்து சுருங்கித் தளர்கின்றன. இதே ரகத்தில் கட்டியவை மொத்தம் 12. அமெரிக்காவில் கடைசியாக மிஞ்சியிருந்த பான்ஸ் என்ற கப்பலும் 2017-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இனி ஒரு வால்வு தேய்ந்து, கையிருப்பிலும் இல்லையென்றால், பழையதைக் கழற்றி அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து போட வேண்டியதுதான்.