தீக்காயத்தின் மேல் எதையும் பூசாதீர்கள்: போர் விமானிகளின் திரைப்படங்கள் காட்டாமல் விட்டது

சென்ற வாரம் எங்கள் தீக்காயப் பிரிவுக்கு ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது தீப்பற்றி, இரண்டு கைகளும் முகமும் வெந்திருந்தன. காயத்துக்கு முன்பாக என் கண்ணில் பட்டது, விரல்களின் மேல் ஓடு போல் இறுகிக் காய்ந்திருந்த பற்பசைதான். வலி மருந்து கொடுத்த பிறகும் அதை அகற்றும்போது அவர் துடித்தார். “பூசினால் காய்ந்துவிடும், காய்ந்தால் ஆறிவிடும் என்றுதான் பூசினோம்” என்றார் உடன் வந்த தாய்மாமன். இதே வாக்கியத்தை இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப் போகிறேனோ தெரியவில்லை.

செவிலிய மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, இரண்டாம் உலகப் போரைப் பற்றி 1969இல் கை ஹாமில்டன் இயக்கிய ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்திலிருந்து ஒரு சிறு காட்சியைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். தீயில் உருக்குலைந்த முகத்துடன் ஓர் அதிகாரி அதில் வந்து போவார். அது ஒப்பனை என்றே மாணவர்கள் நினைப்பார்கள். அவர் பில் ஃபாக்ஸ்லி. போர் விமானி அல்லர், குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டியாக இருந்தவர். 1944இல் விமானம் விழுந்து நொறுங்கியபோது காயமின்றி வெளியேறியவர், உள்ளே சிக்கிய தோழரை மீட்கத் திரும்பிப் போய் அந்தக் காயங்களைப் பெற்றார். பழைய போர் விமானப் படங்களில் பெரும்பாலானவை தீயை இப்படிக் காட்டுவதில்லை. புகை கக்கியபடி விமானம் மேகத்துக்குள் மறையும். அல்லது நாயகன் நெற்றியில் சிறு கட்டோடு அடுத்த காட்சியில் வந்து நிற்பான்.

உண்மையில் நடந்தது வேறு. அந்தப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் கருவிப் பலகைக்கு அப்பால், விமானியின் முகத்துக்கு நேர் எதிரே பெட்ரோல் தொட்டி இருந்தது. அது பற்றிக்கொண்டால், மூடியைத் திறந்து வெளியே குதிப்பதற்குள் கைகளும் முகமும் வெந்துவிடும். பார்வை தெளிவாக இருக்க வேண்டும் என்று சிலர் காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். விசைகள் கைக்குத் தெரிய வேண்டும் என்று சிலர் கையுறையைக் கழற்றிவிடுவார்கள். 1940 செப்டம்பர் 3 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட ஸ்பிட்ஃபயர் விமானி ரிச்சர்ட் ஹிலரி இரண்டையும் அணிந்திருக்கவில்லை. தலையுறை மூடிய இடம் தப்பிக்கும், மூடாத இடம் வேகும். காயத்தின் எல்லைக்கோட்டைப் பார்த்தே அந்த விமானி எதை அணிந்திருந்தார் என்று சொல்லிவிடலாம். எங்கள் பிரிவிலும் சட்டைக் கையின் விளிம்பு அப்படித்தான் தோலில் கோடு போட்டிருக்கும்.

அந்த விமானிகளுக்குத் தொடக்கத்தில் அளித்த சிகிச்சை டானிக் அமிலம். கடுக்காயிலும் ஆவாரம் பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களின் இனம்தான் அது. மாட்டுத் தோலைப் பதனிட உதவுவது. அதைப் பூசினால் புண் கறுத்து, கெட்டியான பொருக்காகிவிடும். பார்ப்பவருக்குக் காய்ந்து ஆறியது போலவே தோன்றும். பொருக்கு கட்டுவது ஆறுவதன் அடையாளம் அல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் மனதில் ஏறுவதில்லை என்பதால் மறுபடியும் சொல்கிறேன். அந்த ஓட்டின் அடியில் சீழ் பிடித்தது. விரலைச் சுற்றி ஓடு இறுகி இரத்த ஓட்டத்தை நெரித்தது. இமைகள் சுருங்கி மூட முடியாமல் போனதால் கண்களுக்கும் ஆபத்து வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த சிகிச்சையே இப்படி முடிந்ததென்றால், சமையலறையிலிருந்து அவசரத்தில் எடுத்துப் பூசும் மாவையும், மையையும், காபித் தூளையும் பற்றி என்ன சொல்வது?

இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊர் மருத்துவமனையில் பணியாற்றிய நியூசிலாந்துக்காரர், ஒட்டறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் புண்கள் மென்மையாகவும் சுத்தமாகவும் இருப்பதைக் கவனித்தார். டானிக் அமிலத்தை எதிர்த்து, உப்புநீர்க் குளியலைக் கொண்டுவந்தார். இதைப் படித்துவிட்டு வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டாம். அது மருத்துவமனையில் அளவோடும் கண்காணிப்போடும் செய்யப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உடை பற்றினால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். தீ அணைந்ததும் காயத்தைக் குழாய்த் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடம் போதாது. ஐஸ் கூடவே கூடாது. மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்ட காயம் சிறிதாகத் தெரிந்தாலும் காட்டாமல் இருக்காதீர்கள். மூடிய அறையில் புகையைச் சுவாசித்தவரை, வெளியே காயமே இல்லாவிட்டாலும் உடனே கொண்டு வாருங்கள்.

மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவர்கள் 1941இல் ‘கினி பிக் கிளப்’ (சோதனை விலங்குகள் சங்கம்) என்று சங்கம் அமைத்தார்கள். போர் முடியும்போது 649 உறுப்பினர்கள் இருந்தார்கள். சிகிச்சைக்கு இடையில் அவர்கள் கடைத்தெருவுக்கும் திரையரங்குக்கும் போய்வந்தார்கள். முறைத்துப் பார்க்காத ஊர் என்று ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

பற்பசையோடு வந்த இளைஞருக்கு அடுத்த வாரம் தோல் ஒட்டு அறுவை இருக்கிறது. அதன் பிறகு விரல் பயிற்சிக்காகப் பல மாதங்கள் பேருந்தில் வந்துபோவார். அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால், தயவுசெய்து உட்காருங்கள்.