ஏர் ரைஃபிளுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள்

பழுதுக்கு வரும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைப் பிரித்தாலே அடுப்பங்கரை வாசம் வருகிறது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் டபிள்யூடி-40. உள்ளே பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் தடுக்கும் சீல் கருகியிருக்கும், ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடக்கும். "வாரா வாரம் எண்ணெய் விட்டுப் பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே சார்!" அதுதான் சார் வியாதியே.

விசையை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ள, பிஸ்டன் பாய்ந்து, முன்னால் இருக்கும் காற்றைக் கண்ணிமைப்பதற்குள் நசுக்குகிறது. நசுங்கிய காற்று பல நூறு டிகிரிக்குச் சூடேறும். அங்கே எண்ணெய் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். லாரியின் டீசல் என்ஜினில் நடப்பது இதேதான். 'டமார்' என்று ஒரு சத்தம், குழல் வாயில் புகை, காந்தல் நாற்றம். உடனே "பவர் ஏறிடுச்சு" என்று ஒரு பூரிப்பு வேறு! வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு வேகம் என்பதால் குறி அட்டையில் பெல்லட்டுகள் (ஈயக் குண்டுகள்) சிதறி விழும். சில டஜன் சூட்டில் சீல் போகலாம், கூடவே ஸ்பிரிங்கும்.

இந்தப் பழக்கம் வந்த வழி தெரியும். பழைய துப்பாக்கிகளில் பிஸ்டன் முனையில் தோல் வாஷர். தோல் காய்ந்தால் காற்று கசியும், அதனால் எண்ணெய் விட்டார்கள். உங்களுடையதும் தோல் வாஷர் என்றால், சுடும் சக்தி குறையும்போது மட்டும் காற்று குழலுக்குப் போகும் துளையில் சிலிக்கான் எண்ணெய் இரண்டே சொட்டு. ஓர் இரவு குழல் மேல்நோக்கி நிற்கட்டும். எண்ணெய் தோலில் ஊறும். செயற்கை சீலுக்கு அதுவும் வேண்டாம். கீல், கொண்டி போன்ற வெளிப்பாகங்களுக்குத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

அழுத்தக் காற்று அடைக்கும் பிசிபி ரகத்தில் இதே தவறு இன்னும் ஆபத்து. 200 பார் அழுத்தத்தில் (வெளிக்காற்றைப் போல் சுமார் 200 மடங்கு) சாதாரண எண்ணெயும் கிரீசும் வெடிக்கக்கூடியவை. ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. வெல்டிங் கடை ஆக்சிஜனை அடைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடவே கூடாது, கை போகும், கண் போகும். சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியையும் பாருங்கள். போட்டி ரைஃபிள் சிலிண்டர்களின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு.

அடுத்தது வெறும் சூடு. ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காது. நேராகப் போய் இரும்பில் மோதும். "காலியாத்தானே அடிச்சேன்" என்பது சமாதானமே இல்லை. சுத்தம் செய்யப் பஞ்சு பெல்லட்டைச் சுடுவதும் ஏறக்குறைய வெறும் சூடுதான். நூலில் துணி கட்டி, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து குழல் வாய் நோக்கி இழுங்கள். பித்தளை பிரஷ், இரும்புக் கம்பி எதுவும் குழலுக்குள் போகக் கூடாது.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) வாங்கும்போது ஸ்பிரிங் ஏர்கன்னுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் நின்றதும் முன்னால் இழுக்கும். பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கான ஸ்கோப்கூட இந்த முன்னிழுப்பில் உடையும். ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் கட்டையின்) திருகாணிகளும் இதனால்தான் தளர்கின்றன. குறி தவறினால் ஸ்கோப்பைத் திருகும் முன் அவற்றை இறுக்கிப் பாருங்கள், தயவுசெய்து.

குழலை மடக்கி பெல்லட் போடுகிறீர்களா? ஒரு கை குழலை விடவே கூடாது, விசைப் பக்கம் விரல் போகவே கூடாது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் உள்கொண்டி நழுவினால் குழல் கத்திரிக்கோல் போல மூடும், நடுவில் இருப்பது உங்கள் விரல். மடக்கிய பிறகு மனம் மாறினால் அப்படியே சுவரில் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பெல்லட் போட்டு, தடுப்புப் பெட்டிக்குள் சுட்டுக் காலி செய்யுங்கள். 4.5 மி.மீ. பெல்லட் தோலைத் துளைக்க விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம் போதும். 10 மீட்டர் போட்டி ரைஃபிளே 170 மீட்டர் வேகத்தில் சுடுகிறது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் அண்ணன்மார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.