ஆயில் மேல் பழி போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது வண்டி. கிருமாம்பாக்கத்திலிருந்து கயிறு கட்டி, நாலு சக்கரமும் ரோட்டில் உருள, அரியாங்குப்பத்தில் இருக்கும் என் பட்டறை வரைக்கும் இழுத்து வந்துவிட்டார்கள். பதினான்கு வருஷத்து ஆட்டோமேட்டிக் செடான். “நியூட்ரல்லதாண்ணே போட்டிருந்தோம்” என்றார் கூட வந்த மைத்துனர், ஏதோ புண்ணியம் செய்தவர் போல. இன்ஜின் ஓடாவிட்டால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் சுற்றாது, சக்கரம் மட்டும் சுற்றும். பாக்ஸ் உள்ளே எல்லாம் வறட்டுத் தேய்மானம். இழுக்காதீர்கள் என்று வாசலில் போர்டே வைத்திருக்கிறேன். அதைத் தாண்டித்தான் இழுத்து வந்தார்கள்.

மூன்று மாதமாகவே அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துமாம், வண்டி நகராதாம். “பிக்கப் இல்லை” என்று வருகிற எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: மிதிக்கும்போது இன்ஜின் சுற்று காட்டும் ஆர்.பி.எம். முள் என்ன செய்கிறது? முள்ளும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் இன்ஜினைப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முள் 4000க்கு எகிறி வண்டி 40லேயே நின்றால்தான் ஸ்லிப், அதாவது கியர்பாக்ஸ் உள்ளே பிடிக்காமல் வழுக்குகிறது. ‘டி’ போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து டப்பென்று இழுத்தாலும் அதே சந்தேகம்தான்.

அதற்கு முன், உங்களுடையது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.எம்.டி., அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வண்டியில் இருப்பது சாதாரண கிளட்ச் பிளேட். உங்கள் காலுக்குப் பதிலாக மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். அது வழுக்கினால் பெரும்பாலும் கிளட்ச் செட்டோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் போய் கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இங்கே நான் சொல்வது டார்க் கன்வர்ட்டர் வண்டிகளுக்கு, அதாவது இன்ஜின் இழுவையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வண்டிகளுக்கு.

சரி, இப்போது எனக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன். “பழைய வண்டிக்கு கியர் ஆயில் மாற்றினால் ஸ்லிப் ஆகிவிடும், அதனால்தான் தொடவே இல்லை.” செடான்காரரும் இதையேதான் சொன்னார். ஐயா, ஸ்லிப் ஆக ஆரம்பித்த பிறகுதானே ஆயில் ஞாபகமே வருகிறது? அதற்குள் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் தேய்ந்து கரைந்திருக்கும். அப்போது புது ஆயில் ஊற்றுவார்கள், பத்தாம் நாள் வண்டி நிற்கும், பழி ஆயில் மேல். கடைசி நேரத்தில் பால் ஊற்றிவிட்டு, பால் குடித்துத்தான் தாத்தா போனார் என்பது போல இருக்கிறது. இந்தப் பேச்சில் காசளவு உண்மை உண்டு: பழைய கியர்பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவினால், அடியில் கிடக்கும் கசடு கிளம்பி, ஆயிலை அந்தந்த கியருக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியில் போய் அடைக்கலாம். அதனால் கழுவாதீர்கள். ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, கையேட்டில் போட்டிருக்கும் அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். மாற்றவே கூடாது என்று யார் சொன்னது?

கியர் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பி இருக்கிற வண்டி என்றால் நீங்களே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, நன்றாகச் சூடானபின், இன்ஜின் ஓட, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் தள்ளி ‘பி’க்குக் கொண்டுவந்து கேஜை உருவுங்கள். சில கம்பெனிகள் இன்ஜினை அணைத்துப் பார்க்கச் சொல்லும், கையேடு சொல்வதே சரி. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் வையுங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்திருக்கலாம், வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் இந்த ரோஸ் மில்க்கை எத்தனை வண்டியில் பார்த்தேன்! கடலூரில் தென்பெண்ணைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணியே ஓட்டி வந்தார் ஒருவர். தண்ணீர் பட்டால் பிளேட்டின் பசையே விட்டுப்போகும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போடாமல் “பாக்ஸ் போச்சு” என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். சென்சார் கோளாறில் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டாலும் இழுவை இல்லாத மாதிரிதான் தெரியும். கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினால் கூடவே நின்று, அதில் இரும்புத்தூளைப் பிடிக்கும் காந்தத்தைப் பாருங்கள். விபூதியைக் குழைத்தது போலக் கொஞ்சம் சாம்பல் பூச்சு இருப்பது சகஜம். கையில் குத்துகிற துண்டு இருந்தால் பாக்ஸை முழுசாகப் பிரித்துச் செய்யும் ஓவர்ஹால்தான்.

செடான் காந்தத்தில் குத்துகிற துண்டுகள் இருந்தன. ஆனால் கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் கியர்பாக்ஸில் நுழையும் இடத்து சீல் கசிந்து, ஆயில் இரண்டு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. “வீட்டில் தரையில் கறை விழுந்ததா?” என்று கேட்டேன். விழுந்ததாம். வழுக்கப்போகிறது என்று அம்மா மேலே சாக்கு போட்டு வைத்தாராம். சீல் வேலை சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். இன்று ராத்திரி உங்கள் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள், காலையில் சிவப்பாக ஏதாவது சொட்டியிருந்தால் ஓட்டாமல் போன் செய்யுங்கள். தூக்கி வைத்து வரும் ரெக்கவரி வண்டியை நானே அனுப்புகிறேன்.