செம்பைப் பிடித்துவைக்கும் மண்

லாஸ் ஏஞ்சலஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் தெருவில் சாலையோரத்தைத் தோண்டி, மண் மாற்றி, செடி நட்டிருக்கிறார்கள். பாத்தி மேடாக இல்லை, பள்ளமாக இருக்கிறது. நடைபாதையின் விளிம்புக் கல்லையும் ஒரு முழத்துக்கு வெட்டித் திறந்துவிட்டிருக்கிறார்கள். "தெருத் தண்ணீரெல்லாம் உள்ளே போகிறது. ஆறு சுத்தமாக இருக்க இது உதவும் என்கிறார்கள். மழைத் தண்ணீரில் அப்படி என்ன அழுக்கு?"

அழுக்கு தெருவில் இருக்கிறது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் பிரேக் பேட் கொஞ்சம் தேய்கிறது. அந்தத் தூளில் செம்பு உண்டு. டயர் தேய்ந்தால் துத்தநாகம். பூச்சு போட்ட தகரக் கூரையிலிருந்தும் துத்தநாகம். பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் படிந்தது சாலையோர மண்ணில் இன்னும் கிடக்கிறது. அந்த ஊரில் கோடை முழுக்க மழை கிடையாது. மாதக்கணக்கில் சேர்ந்த தூளை முதல் மழை வழித்துக்கொண்டு போகிறது. 1938 வெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றின் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். 82 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் தண்ணீருக்கு வழியில் மண்ணைத் தொடவே அதிக வாய்ப்பில்லை.

செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு கூடினாலே சால்மன் குஞ்சுகளின் மோப்ப சக்தி மங்கிவிடுகிறது. எதிரி வரும் வாசனை தெரியாத மீன் எத்தனை நாள் தாங்கும்?

தூளோடு ஒட்டிவரும் உலோகத்தைப் பிடிப்பது சுலபம், மணலே வடிகட்டிவிடும். தண்ணீரில் கரைந்துபோன செம்புதான் சிக்கல். அது அயனி, அதாவது மின்சுமை ஏறிய அணு; எந்தச் சல்லடைக்கும் சிக்காது. அதைப் பிடிப்பது அந்தப் பள்ளத்து மண்ணில் கலந்த மட்கு.

இலையும் தழையும் மட்கும்போது உருவாகும் பெரிய மூலக்கூறுகளின் உடம்பெங்கும் கார்பாக்சில் தொகுதிகள் (கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேர்ந்த சிறு அணுக்கூட்டங்கள்) கைகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அவை ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின்சுமையோடு நிற்கும். இரட்டை நேர்மின்சுமையோடு செம்பு அயனி வருகிறது. ஒரு கை பிடிக்கிறது, பக்கத்துக் கையும் வளைந்து வந்து பிடிக்கிறது. ஒரு கை நழுவினாலும் இன்னொன்று விடாது. இதைக் கொடுக்கிணைப்பு என்கிறோம். கீலேஷன் என்ற ஆங்கிலப் பெயரும் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். துத்தநாகத்தைவிடச் செம்பைத்தான் மட்கு இறுக்கிப் பிடிக்கிறது. பெரும்பகுதி மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணிலேயே நின்றுவிடும். அதனால் பல வருடம் கழித்து மேல்மண்ணை மட்டும் சுரண்டி மாற்றினால் போதும்.

மொட்டை மாடியில் நானே செய்து பார்த்தேன். அடி வெட்டிய இரண்டு பாட்டில்களைத் துணி கட்டிக் கவிழ்த்து, ஒன்றில் ஆற்று மணல், இன்னொன்றில் நன்றாகக் கழுவிய மட்கு கலந்த மணல். ஒரு சிட்டிகை மயில்துத்தத்தை (செம்பு சல்பேட் உப்பு) கரைத்து இரண்டிலும் ஊற்றினேன். மணலில் போனது நீலமாகவே வந்தது. மட்கில் போனது வெளுத்த தேநீர் நிறத்தில் சொட்டியது. அந்த நிறம் நீலத்தை மறைத்திருக்கலாமே என்று இரண்டிலும் ஓர் இரும்பு ஆணியைப் போட்டேன். முதல் ஆணியில் செம்பு படிந்து சிவந்தது. மற்றது அப்படியே கிடந்தது. எத்தனை முறை படித்திருந்தாலும் அந்தச் சிவக்காத ஆணியைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி. (மயில்துத்தம் விஷம். குழந்தைகள் தனியாகச் செய்ய வேண்டாம்.)

அந்தத் தேநீர் நிறத்தையும் கவனிக்க வேண்டும். அது மண்ணை விட்டுக் கரைந்து வெளியேறும் மட்கு. கொடுக்கில் செம்பைப் பிடித்தபடியே அது கிளம்பிவிடும். புது மட்கை அளவுக்கு மீறிக் கொட்டினால், முதல் சில மழைகளில் பள்ளத்திலிருந்தே செம்பு கசிவது இதனால்தான். தண்ணீரில் அமிலம் கூடினாலும் ஹைட்ரஜன் அயனிகள் திரும்ப வந்து செம்பைத் தள்ளிவிடும்.

ஊற்றுக்கண்ணையும் அடைக்கிறார்கள். பிரேக் பேடில் செம்பைக் குறைக்கக் கலிபோர்னியா 2010-இல் சட்டம் போட்டது: 2021 முதல் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, 2025 முதல் 0.5 சதவீதம். 2018-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மக்கள், தண்ணீர் இறங்காத தரைக்குச் சதுர அடிக்கு 2.5 சென்ட் ஆண்டு வரி கட்ட வாக்களித்தார்கள். மழைநீர்த் திட்டங்களுக்குத்தான் அந்தப் பணம். எவ்வளவு தரையை மூடினாயோ அவ்வளவு கட்டு என்பது எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. அதில் ஒரு பங்கை அளப்பதற்கென்றே வருடா வருடம் ஒதுக்க வேண்டும் என்பேன். நடுராத்திரி மழையில் நின்று மாதிரி எடுக்க ஆளும் சம்பளமும் இல்லாவிட்டால், ஒரு பள்ளம் வேலை செய்கிறதா என்று யாருக்குத் தெரியும்? திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் அதற்குக் கிடைப்பதில்லை.

சரி, கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலை. அடுத்த மழை விட்டதும் அந்த வெட்டிய கல்லருகே போய்ப் பாருங்கள். உள்வாயில் கறுப்பு வண்டல் மேடு தட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே திரும்பாமல் நேரே வடிகாலுக்குப் போயிருக்கும். மூன்று நாளாகியும் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் மண் அடைத்துக்கொண்டது என்று பொருள். எதுவானாலும் ஒரு படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்பிவிடுங்கள்.